மிதக்கும் தலைப்பு

நடுவில் ஒரு வட்டம். அதற்குள்
'வெள்ளம்' என்று தட்டினேன்.
டேப் விசையை அழுத்த ஒரு கிளை,
எண்டரை அழுத்த அதற்கொரு தங்கை.
மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்,
சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே
இரவு பதினொன்றரைக்குள்
வீடு, படகு, கால்நடை, கடன் என்று
நாலு பக்கமும் கை நீட்டிவிட்டது திரை.

நாற்பத்தொரு பேரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.
நோட்டில் அவர்கள் வந்த வரிசையிலேயே கிடந்தார்கள்,
பாதிப் பேச்சில் மை ஊறி.
வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்
பன்னிரண்டு பக்க அறிக்கை.
எடுத்த எடுப்பில் எழுத உட்கார்ந்தால்
முதல் வாக்கியத்திலேயே
எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள்,
டோக்கன் கொடுத்த அன்று நின்ற மாதிரி.
அதற்குத்தான் இந்தப் படம்.
யார் முதலில் என்று இது கேட்பதில்லை.
வா, எங்கேயாவது உட்கார் என்கிறது.

நன்றாகத்தான் போனது.
சோனாங்குப்பத்தின் பதினேழு வலைகளைப் பிடித்து
'தொழில்' கிளையில் விட்டேன்.
ஒரு முனையை இழுத்தால்
பிள்ளைகுட்டிகளோடு கூடவே வருகிறது.
அன்றைக்கு அப்படி யாரும் வரவில்லை.
ரேஷன் அட்டைக்கு ஒரு தடவை,
ஆட்டுக்கு ஒரு தடவை,
திரும்பத் திரும்பத் தண்ணீருக்குள் போனார்கள்.
கழித்தல் குறியைத் தொட்டால்
கூத்தப்பாக்கம் மொத்தமும் ஒரு புள்ளிக்குள் மடங்குகிறது.
மறுபடி தொட்டால் விரிகிறது,
நனையாமல்.

படத்தில் கோடுகள் நடுவிலிருந்து வெளியே ஓடுகின்றன.
கெடிலம் நேர் எதிர்.
எங்கெங்கோ பெய்ததையெல்லாம் சேர்த்து அள்ளி வந்து
ஓரிடத்தில் கொட்டியது.
அந்த இடத்தில் அடுப்புகள் இருந்தன.

அமலோற்பவம் சொன்னதை எங்கே வைப்பது?

"அரிசி டிரம்மத்தான் மொதல்ல பரண்ல ஏத்துனேன்.
அப்பறந்தான் புள்ளைய."
என் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"புள்ளைக்கு ஒண்ணும் ஆவல.
அத எழுதிடாதீங்க."

'உணவு' கிளையில் வைத்தேன்.
அங்கே அது கிலோக் கணக்காகிவிட்டது.
'குழந்தைகள்' கிளையில் வைத்தேன்.
குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது.
'மீட்பு' என்றொரு கிளை; அதில் படகுகளின் எண்களோடு
கூச்சப்பட்டு நின்றது.
கடைசியில் எந்தக் கோடும் இல்லாமல்
வலது மூலையில் விட்டேன்.
இந்த மென்பொருளில் எல்லாவற்றுக்கும் உறவுமுறை உண்டு:
தாய், பிள்ளை, உடன்பிறப்பு.
ஒட்டும் உறவும் இல்லாததற்கு
'மிதக்கும் தலைப்பு' என்று பெயர்.
மொழிபெயர்த்தவருக்கு
எங்கள் ஊர் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டே காலுக்கு
'வரிசைப் பட்டியலாக மாற்று' என்பதை அழுத்தினேன்.
வட்டங்களெல்லாம் எழுந்து, இடுப்பைச் சொருகிக்கொண்டு,
ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.
1. 1.1. 1.1.1.
கொட்டாவியோடு எண்ணினேன். நாற்பது பேர்.
மேலே உருட்டி மறுபடி எண்ணினேன்.
நாற்பது.

மிதப்பவை பட்டியலில் சேராதாம்.
அமைப்புகளுக்குள் போனால் ஒரு சின்னக் கட்டம்,
டிக் போட்டால் சேரும்.
நான் அவளுக்கு வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை;
தலையைத்தான் ஆட்டினேன்,
அதுவும் எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிற ஆட்டல்.
எனக்கு முன்னால் ஒரு மென்பொருள்
அவள் சொல்லைக் காப்பாற்றிவிட்டது,
காரணம் தெரியாமலே.

கட்டத்தின் மேல் அம்புக்குறி நின்றது.
கீழே முதல் மீன் வண்டி துறைமுகத்துக்குப் போனது.
டிக் போடவில்லை.
பரிந்துரைகளின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
'4.6. புதிதாகக் கட்டும் வீடுகளில்
பரண் இன்னும் அகலமாக இருக்க வேண்டும்.'

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு
ஜெயசீலி மேடம் போன் செய்தார்.
அறிக்கை நன்றாக வந்திருக்கிறதாம்.
நாலு புள்ளி ஆறை மட்டும் எடுத்துவிடலாமா என்றார்.
"பரண் எதுக்கு சார் இதுல?"